சலூன்காரர் தைத்த சீட் பெல்ட்

இந்த ஜென்மத்தில் சீட் பெல்ட் போடுவதில்லை என்று சலூன்காரர் முடிவெடுத்துவிட்டார். சும்மா இல்லை, மீசை மேல் சத்தியம் செய்து. ஊர் மீசையையெல்லாம் திருத்துகிற மனிதர் சொந்த மீசையைப் பணயம் வைக்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

கேட்டவர்களிடமெல்லாம் அவர் சொன்ன காரணம் பாதுகாப்பு. உண்மைக் காரணம் தொப்பை. பெல்ட்டை மாட்டினால் மேலே ஒரு தொப்பை, கீழே ஒரு தொப்பை என்று பாகப்பிரிவினை நடந்துவிடுகிறது. நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று பிழைப்பவருக்கு இது தாங்குமா? ஆனால் மனைவியிடம் இதைச் சொல்ல முடியாது. அவள் தையல்காரி. சொன்ன மறுநிமிஷம் இஞ்சு டேப்போடு வந்து நிற்பாள். அதனால் வேறு வழியில் பேச்சைத் தொடங்கினார்.

"பெல்ட் போட்டாத்தான் ஆபத்துன்னு உனக்குத் தெரியுமா?"

"யார் சொன்னா?"

"கடைக்கு வர்றவங்க சொல்றாங்க. வண்டி தீப்பிடிச்சா உள்ளயே மாட்டிக்குவோமாம். அவசரத்துக்குக் கழட்ட வராதாம்."

"உங்க கடையில பேசறவங்கல்லாம் கழுத்துல கத்தி இருக்கறப்பப் பேசறவங்க. நீங்க என்ன சொன்னாலும் ஆமாம் சாமி போடாம என்ன பண்ணுவாங்க?"

"சரி, வண்டி ஆத்துல விழுந்தா?"

"விழுந்த வேகத்துல மண்டை இடிச்சு மயங்காம இருந்தாத்தானே வெளியே வரலாம்? அந்த மண்டையைத்தான் பெல்ட் காப்பாத்துது. அது கிடக்கட்டும், உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் வெளியே வந்து என்ன பண்ணப்போறீங்க?"

சலூன்காரர் அடுத்த காரணத்தை எடுத்தார். "இறுக்கிப் பிடிச்சா நெஞ்சு கன்னிப்போகுமாம்."

"போகும்தான். பொய்யில்ல. நாலு நாள்ல ஆறிடும். போன மாசம் ஒருத்தருக்குச் சட்டைத் தோளை வெட்டி, நாடா வச்சுத் தச்சேனே, எதுக்குன்னு கேட்டீங்களா? பெல்ட் போடாம ஸ்டியரிங்ல மோதி எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டிருந்தாருங்க. கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியல. அந்த மாதிரி ஒரு சட்டை உங்களுக்குத் தைக்க என்னால ஆகாது."

கடைசி வாக்கியத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும் தொப்பை விட்டுக்கொடுக்கவில்லை.

"என்னால அடைஞ்சு கிடக்க முடியாதும்மா."

"நாளெல்லாம் அடுத்தவங்க கழுத்துல துணியைக் கட்டி, ஆடாம உக்காருங்கன்னு அதட்டறீங்க. உங்களுக்கு ஒரு வார் கட்டினா மட்டும் மூச்சு முட்டுதா? கேட்டுக்கோங்க. பெல்ட் இல்லாம ஒரு நாள் பார்த்தேன்னா, அன்னியிலேர்ந்து கார் சாவி என்கிட்ட. நான் எடுத்த லைசென்ஸ் சும்மா அலமாரியிலதான் தூங்குது."

சலூன்காரர் பையிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கல்லாவைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பார். டிரைவர் சீட்டைக் கேட்கிறாளே! கடையில் வருகிறவனெல்லாம் நாற்காலியில் உட்கார, அவர் மட்டும் நின்றுகொண்டே காலம் தள்ளுகிறவர். உலகத்தில் அவர் ராஜா மாதிரி உட்காருகிற ஒரே இடம் அந்த சீட்.

பெல்ட்டும் போடக் கூடாது, சீட்டும் போகக் கூடாது. அன்று சலூன் வாசலில் நின்று, சிக்னலில் நிற்கிற கார்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டிரைவர் மார்பிலும் குறுக்கே ஒரு கறுப்பு வார். பார்க்கப் பார்க்க ஞானம் பிறந்தது. வெளியே தெரிவது வார்தானே? வார் இருந்தால் போதாதா?

பழைய பயணப் பையிலிருந்து கறுப்பு வாரை அறுத்தெடுத்தார். மச்சான் வீட்டு விருந்துக்கென்று எடுத்து வைத்திருந்த வெளிர் நிறச் சட்டையைக் கடைக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டு, பெரிய கண்ணாடி முன் நின்றார். எதிரே நின்ற கார்க்காரர்கள் மார்பில் வார் எந்த மூலையில் தொடங்கி எந்த மூலைக்கு இறங்கியதோ, அதே மாதிரி கண்ணாடியில் தெரியும்படி குண்டூசி குத்தினார். கண்ணாடியைப் பார்த்துச் செய்கிற வேலையில் அவருக்குத் தப்பே வராது என்பது அவருடைய கொள்கை. மனைவி லைனிங் துணி வாங்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய மெஷினிலேயே கடகடவென்று ஓட்டி முடித்து, சட்டையைப் பழைய இடத்தில் மடித்து வைத்துவிட்டார். தைத்தது கொஞ்சம் லொடலொட. ஒரு பகல் தாங்கினால் போதும் என்று விட்டுவிட்டார்.

விருந்து நாள் வந்தது. தோளில் ஒரு பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு, "நான் வண்டியை எடுக்கறேன்" என்று முதல் ஆளாக ஓடினார். துண்டை உருவி வாசல் திண்ணையில் எறிந்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய வண்டி. பெல்ட் போடாவிட்டால் கத்துகிற பழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது.

அண்ணனுக்குப் பரிசாக வாங்கிய சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு மனைவி பின் சீட்டில் ஏறினாள். முதலில் தன் பெல்ட்டை மாட்டினாள். பிறகு எட்டிப் பார்த்தாள்.

"அட, போட்டுட்டீங்களே!"

"நீ சொன்னப்புறம் போடாம இருப்பேனா?"

"எனக்கு இப்பத்தாங்க நிம்மதி."

அந்தக் குரலில் இருந்த தேனைக் கேட்டு சலூன்காரருக்கே தன் மேல் பொறாமை வந்தது. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவளுக்கா இத்தனை நாள் பயந்தோம்?

பாதி வழியில் ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. சலூன்காரர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. அவர் நிற்கவில்லை. தொப்பை போய் ஹாரனில் விழுந்தது. பாம்ம்ம்! நாய் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. பின்னால் மனைவியும் அசையவில்லை, கடிகாரமும் அசையவில்லை.

"என்னங்க, பெல்ட் போட்டும் இப்படிப் போய் மோதறீங்க?"

"கொஞ்சம் லூஸா இருக்கு."

"இறங்கினதும் பார்த்துக்கலாம்" என்றாள் அவள்.

இறங்கினதும். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் சலூன்காரருக்கு விஷயம் உறைத்தது. போடுவதற்குத் திட்டம் போட்டாரே தவிர, கழட்டுவதற்குப் போடவில்லை. பரவாயில்லை, தன் தையல்தானே, ஒரு இழுப்பில் வந்துவிடும் என்று தேற்றிக்கொண்டார்.

மச்சான் வீட்டு வாசலில் வண்டி நின்றது. மனைவி கடிகாரத்தோடு உள்ளே போனாள். சலூன்காரர் வாரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். வண்டிதான் ஆடியது. சட்டையையே கழட்டலாம் என்றால், உள்ளே போட்டிருந்த பனியனில் தொப்பைக்கு நேராக ஒரு ஜன்னல்.

"வாங்க மாப்ள! ஏன் உள்ளயே இருக்கீங்க?" மச்சான் வந்து கதவைத் திறந்தார்.

"இருக்கட்டும் மச்சான். காத்து நல்லா வருது."

"இந்த வெயில்ல காத்தா? பெல்ட்டு மாட்டிக்கிச்சா? இருங்க, நான் எடுத்து விடறேன்." மச்சான் உள்ளே கைவிட்டுத் துழாவினார். இடுப்புப் பக்கம் தேடினார். சீட் இடுக்கில் தேடினார். "பட்டனைக் காணோமே மாப்ள!"

"கூசுது மச்சான், விடுங்க!"

வீட்டுக்குள்ளிருந்து கோழி வறுபடுகிற வாசனை வந்து சலூன்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தது. அதற்கும் அந்த வார் அசையவில்லை. அப்போதுதான் மனைவி வாசலுக்கு வந்தாள்.

"என்னாச்சுங்க? அவசரத்துக்குக் கழட்ட வரலையா?"

தான் சொன்ன வார்த்தையே திரும்பி வந்து மூக்கில் குத்தியது. அவர் குரலைத் தாழ்த்தினார். "பையில சின்னக் கத்திரி வச்சிருப்பியே, கொஞ்சம் குடேன்."

"சாவி?"

"அதெல்லாம் தர முடியாது."

"சரி, சாப்பிட்டுட்டு வந்து பேசிக்கறேன்." அவள் திரும்பினாள்.

"நில்லு நில்லு!" டிரைவர் சீட்டை ஒரு முறை ஏக்கத்தோடு தடவிவிட்டு, சாவியை நீட்டினார். அவள் வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"கத்திரி?"

"நல்ல துணியில யாராவது கத்திரி வைப்பாங்களா? இறங்கி வாங்க. உங்களை என்ன, வண்டியோடவா சேர்த்துத் தச்சிருக்கு?"

சலூன்காரர் இறங்கினார். வாரும் கூடவே இறங்கியது. மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்குவதற்காக வானத்தைப் பார்த்தார். பிறகு அடக்கவே இல்லை. பந்தியில், "வேகமாச் சாப்பிட்டாலும் மாப்ளைக்குப் பயமில்ல, பெல்ட் போட்டிருக்காரு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சலூன்காரர் அசடு வழியக் கோழியைக் கடித்தார்.

திரும்பும்போது மனைவி ஸ்டியரிங் முன்னால். சலூன்காரர் அவளுக்கு இடப்பக்கம்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மெஷின்ல நான் வச்சது வெள்ளை நூல். வந்து பார்த்தா அடியில பாபின்ல கறுப்பு நூல். அப்புறம் உங்க சட்டையைப் பார்த்தேன். ஒரு இழுப்புல பிஞ்சுடற மாதிரி இருந்துச்சு. நான்தான் மேல கெட்டியா ஒரு தையல் ஓட்டினேன்."

"அடிப்பாவி!"

"அதுவும் எதிர்ல நிக்கறவங்களைப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்துத் தச்சிருக்கீங்க. இடம் வலம் மாறிப்போச்சு. வண்டி ஓட்டறவங்களுக்கு வலது தோள்லேர்ந்து இறங்கணும். உங்களுக்கு இடது தோள்லேர்ந்து இறங்குது."

அவள் எட்டி, அவருடைய இடது தோளுக்குப் பின்னால் தொங்கிய நிஜ பெல்ட்டை இழுத்தாள். தொப்பையின் மேல் போடாமல், கீழே இடுப்பெலும்பில் படியவிட்டு, கிளிக்கென்று மாட்டினாள். தொப்பை பிரியவில்லை. நிஜ வார், தைத்த வாரின் மேல் நூல் பிசகாமல் போய் உட்கார்ந்தது. சலூன்காரரின் கை தானாக மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டது.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் பிரிச்சுப் போடல?"

அவள் வண்டியைக் கிளப்பினாள். "தப்பாத் தச்சிருந்தாத்தானேங்க பிரிக்கணும்? இந்த சீட்டுக்குச் சரியாத்தானே தச்சிருந்தீங்க!"