மேற்படிப்புக்கு ஓர் ஒத்திகை

ஊரில் உள்ள அத்தனை பேரையும் மேலே ஏற்றிவிடுகிறவன் நான். லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர். நான் மட்டும் இன்னும் தரைத்தளத்திலேயே நிற்கிறேன். ஒருநாள் பொங்கி எழுந்தேன்.

"நான் ஆன்லைன்ல எம்.பி.ஏ. படிக்கப் போறேன்!"

உங்களிடம் சொல்வதற்கென்ன? எனக்குப் பட்டம் முக்கியமில்லை, பாத்திரம்தான். சாயங்காலம் பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, மகளுக்குக் கணக்குச் சொல்லித்தருவது எல்லாம் என் இலாகா. 'அப்பா படிக்கிறார்' என்று கதவைச் சாத்திக்கொண்டால் விடுதலை! உள்ளே நிம்மதியாகப் போனில் படம் பார்க்கலாம்.

மனைவி சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். சிரித்தாள். அவள் பல் டாக்டரின் உதவியாளர். வலிக்காது என்று சொல்லிக்கொண்டே பிடுங்குகிற கூட்டம்.

"தாராளமா படிங்க. ஆனா வீட்லயே தனியா உக்காந்து படிக்கிறது உங்களுக்கு ஒத்துவருமான்னு பாக்க வேணாமா? ஒரு வாரம் ஒத்திகை பாருங்க."

"அப்ப பாத்திரம்?"

"அது எங்க ஓடிப்போகுது? காலைல தேய்ச்சுக்கலாம்."

அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. விடியுமுன் அவள் வைத்த அலாரம் என் காதருகே அலறியபோதுதான் புரிந்தது. எழுவாய், நீ!

அன்று சாயங்காலம் நான் படிக்கப் போகும்போது அவள் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க. கவனம் சிதறும்."

"அதுலதானே நான்..."

"லேப்டாப் இருக்குல்ல? மாதிரிப் பாடம் எல்லாம் போட்டு வெச்சிருக்கேன்."

அறையில் இஸ்திரி மேஜை, பழைய பெட்டிகள், நான். திரையில் ஒருவர் 'காலத்தை நிர்வகிப்பது எப்படி' என்று விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கோ காலம் நகரவே இல்லை. வெளியே ஒரே சிரிப்பு. பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"என்னடி, தம்பி ஊர்ல இல்லையா? வீடே கலகலன்னு இருக்கு!"

"படிக்கிறார் அக்கா. ரிமோட் இப்ப நம்ம கையில. என்ன போடட்டும்?"

அதைவிடக் கொடுமை, அப்பாவின் உதவி இல்லாத அந்த வாரத்தில்தான் மகளின் கணக்கெல்லாம் சரியாக வந்தது.

ஏழாம் நாள் கதவைத் திறந்து வெளியே வந்து சரணடைந்தேன்.

"இது வேணாம்மா. தனியா உக்காந்தா தூக்கம்தான் வருது. பாத்திரத்தைச் சாயங்காலமே தேய்ச்சுடறேன்."

"ஐயையோ! மத்தியானம்தான் உங்களைச் சேர்த்துவிட்டேன். ரெண்டு வருஷப் படிப்பு. ரொம்ப நல்லா ஒத்துவருதே!"

"யாருக்கு ஒத்துவருது?"

மனைவி, மகள், பக்கத்து வீட்டு அக்கா மூவரும் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே குரலில் சொன்னார்கள்:

"எங்களுக்கு!"