ஒரு படகு, ஒரு ஓனர்

டேட்டாபேஸில் பல வகை உண்டு என்பதெல்லாம் விற்கிறவர்கள் கிளப்பிவிட்ட கதை என்றுதான் நாற்பத்தாறு வயது வரை நம்பியிருந்தேன். சோப்பு மாதிரி, உறைதான் வேறு, நுரை ஒன்று.

அந்த ஞானத்தோடு வைத்திக்குப்பம் படகுச் சங்கத்துக்குப் பதிவேடு மென்பொருள் செய்தேன். வேலையைக் கொடுத்தவர் சங்கச் செயலாளர் ஏழுமலை, என் மனைவியின் அண்ணன். "அடுத்த மாசம் செயலாளர் தேர்தல். என் மானம் உன் கையில மாப்ள" என்றார். (கொடுத்திருக்கக் கூடாத கை.)

சாதாரண அட்டவணை வகை. படகுக்கு ஒரு வரி, ஓனருக்கு ஒரு கட்டம். சங்கக் கொட்டகையில் எல்லார் முன்னாலும் முதல் படகைத் திரையில் காட்டினேன். ஓனர்: முருகன்.

செல்வம் எழுந்தார். "போட்டு என்னுது. எஞ்சின்தான் அவனுது."

"எஞ்சின் இல்லாம போட்ட தள்ளிக்கினே போவியா?" என்றார் முருகன்.

"வலை எங்க வூட்டுது" என்றார் பின்னாலிருந்து அஞ்சலை அம்மாள்.

அந்தக் குப்பத்தில் படகு ஒருவருடையது, எஞ்சின் ஒருவருடையது, வலை ஒருவருடையது என்பது மீன் வாங்கப் போகிறவனுக்கும் தெரியும். இருபது வருஷமாக மாப்பிள்ளையாக இருக்கும் எனக்குத் தெரியவில்லை. கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம். கடைசியாகப் பதிந்த முருகன், முன்னால் பதிந்த செல்வத்தை அழித்துவிட்டிருந்தார்.

மச்சான் என்னைப் பார்த்த பார்வையில், "டேட்டாபேஸ் வகை தப்பு. மாத்திடறேன்" என்று உளறிவிட்டேன்.

அடுத்த வாரம் ஆவண வகை. ஒவ்வொரு படகுக்கும் ஒரு பொட்டலம், உள்ளே எதை வேண்டுமானாலும் போடலாம். நான் போட்டது ஒரே ஒரு ஓனர். திரையில் முருகன். அதற்கடுத்த வாரம் வரைபட வகை. ஆளுக்கொரு புள்ளி, படகுக்கொரு புள்ளி, நடுவில் எத்தனை கோடு வேண்டுமானாலும் இழுக்கலாம். நான் இழுத்தது ஒரு கோடு. மறுபடி முருகன்.

"எத்தினி தபா மாத்தினாலும் முருகனுக்கே எழுதி வைக்கிறாரு" என்றார் செல்வம். "நம்ம ஊரு மாப்ளையாச்சேன்னு பாக்கறோம்."

இது நியாயமா? மூன்று வகை டேட்டாபேஸ் மாற்றினேனே, அதில் ஒன்றாவது "எஞ்சின் யாருடையது?" என்று என்னைக் கேட்டதா? நான்தான் கேட்டிருக்க வேண்டுமாம். சொன்னது என் மனைவி. இன்றும் நான் வண்டிச் சாவியைத் தொட்டால் வீட்டில் எல்லாரும் சேர்ந்து "எஞ்சின் யாருது?" என்றுதான் கேட்கிறார்கள்.

கடைசியில் பழைய அட்டவணை வகைக்கே திரும்பினேன். ஓனர் கட்டத்தை எடுத்துவிட்டு, எந்தப் படகில் யாருக்கு என்ன என்று இன்னொரு அட்டவணை சேர்த்தேன். இருபது நிமிட வேலை. பதிவேடு இன்றும் ஒழுங்காக ஓடுகிறது.

தேர்தலில் மச்சான் தோற்றார். ஜெயித்தவர் முருகன்.