மொபெட்டுக்கு வரிக் கழிவு கேட்ட ஆமை

ஆமை தன் வீட்டை முதுகில் சுமக்கிறது என்று பரவலாக நம்பப்படுகிறது. இது பெரும்பிழை. ஆமையின் ஓடு வீடு அன்று. விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து அகன்று உருவானது. படித்தவர்களே இதில் தவறுவதைக் கண்டு விலங்கியலார் பலர் சோறு தண்ணீர் இறங்காமல் இருந்திருக்கிறார்கள். இதே பிழை ஒரு காட்டில் ஓர் ஆமையின் மொபெட்டுக்கு உலை வைத்தது.

அந்த ஆமையின் பெயர் பொற்கொடி. தரையில் கூடு கட்டும் கௌதாரி, காடை, மயில் வீடுகளுக்குப் போய், முட்டைகளைத் தட்டிப் பார்த்து, "இது பொரிக்கும், இது கூமுட்டை" என்று சொல்வது அதன் தொழில். நடந்து போன காலத்தில், அது போய்ச் சேர்வதற்குள் குஞ்சுகள் பறக்கக் கற்றுக்கொண்டுவிடும். ஆகவே கடன்பட்டு ஒரு மொபெட் வாங்கியது.

அந்த வருடம் வரி கூடிப்போயிற்று. கட்டத் தவறினால் மொபெட் ஏலத்துக்கு வரும் என்று நோட்டீஸ் வந்தது. வேலைக்காகச் சொந்த வண்டி ஓட்டினால் வரியில் கழிவு உண்டு என்று கேள்விப்பட்டு, பொற்கொடி வரி அலுவலகத்தில் மூன்று நாள் வரிசையில் நின்றது. இரண்டு முயல்கள் நடுவில் புகுந்தன.

கவுண்டரில் ஓர் உடும்பு உட்கார்ந்திருந்தது.

"எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?"

"நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல சார்."

"எழுதி வச்சிருக்கீங்களா?"

"எல்லாம் ஞாபகத்துல இருக்கு சார். நூத்திப் பத்து வருஷமா எதையும் மறந்ததில்ல."

"ஞாபகத்துல சீல் குத்த முடியாதும்மா. சரி, வீட்டை விட்டு வெளியே ஓட்டின தூரத்துக்குத்தான் கழிவு. வீட்டை எங்கே விட்டுட்டுப் போனீங்க?"

"எனக்கு ஏது சார் வீடு?"

உடும்பு எட்டிப் பார்த்தது. "அப்போ முதுகுல என்ன?"

"எலும்பு சார்."

"எலும்புக்குள்ள யாராவது படுத்துத் தூங்குவாங்களா? நாலாயிரம் கிலோமீட்டரும் வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கீங்க. அதுவும் ரெண்டு சக்கர வண்டியில கட்டடத்தை ஏத்திக்கிட்டு. அதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

பொற்கொடி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"விசாரணையின்போது மனுதாரர் வீட்டுக்குள் சென்றுவிட்டார்" என்று உடும்பு எழுதிக்கொண்டது.

அப்போது பொற்கொடியின் கழுத்து மடிப்பிலிருந்து ஓர் உண்ணி இறங்கி, மேசைமேல் ஏறி, ஒரு டைரியை நீட்டியது.

"அண்ணே, நம்மளதையும் பாத்துடுங்க."

முகவரி: புங்கமரம், மூன்றாவது வேர். தொழில்: ரத்தம் உறிஞ்சுதல், வெளிப்பணி. எந்தத் தேதியில் எந்தக் கூடு, புறப்படும்போது மீட்டரில் எத்தனை, திரும்பும்போது எத்தனை என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தது.

"வண்டி நீங்களா ஓட்டறீங்க?" என்றது உடும்பு.

"ஆள் வச்சிருக்கேண்ணே."

உடும்பு கூட்டிப் பார்த்தது. நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு. மீட்டரோடு அப்படியே பொருந்தியது. சீல் விழுந்தது.

"பாத்தீங்களாம்மா," என்று பொற்கொடியின் ஓட்டைத் தட்டிச் சொன்னது உடும்பு, "இப்படி எழுதணும்."

அடுத்த வாரம் மொபெட் ஏலத்துக்கு வந்தது. கழிவாகக் கிடைத்த பணத்தில் உண்ணியே அதை எடுத்து, ஓட்டுவதற்குப் பொற்கொடியை வேலைக்கு வைத்துக்கொண்டது. ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. அதை உண்ணி போட்டுக்கொண்டது.

நீதி: உங்கள் ரத்தத்தை உறிஞ்சுகிறவர் டைரி எழுதுகிறாரா என்று அவ்வப்போது கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ளவும்.