டம்ப்ளிங் விழுங்கிய மோட்டார்

நைஜல் மின்சாரக் குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்துவிட்டான். சமையலறை மேசையில் வட்டமாகப் போட்டிருந்த தண்டவாளத்தில், முழங்கை நீளம்கூட இல்லாத அந்தப் பச்சை ரயில் எஞ்சின் அசையவில்லை.

"தினம் பத்து நிமிஷம் ஓட்டு, இல்லன்னா இறுகிப் போயிடும்" என்று சொல்லி அதைக் கொடுத்துவிட்டு, மாமனார் க்ளிஃபர்ட் விட்பி ஊருக்குக் கடல் பார்க்கப் போயிருந்தார். கல்யாணமாகி ஆறு வருடங்களில் அவர் மாப்பிள்ளையை நம்பிக் கொடுத்த இரண்டாவது பொருள் இது. முதலாவது ஒரு குடை. அதுவும் மழை விட்ட பிறகு.

ஐந்து நாள் மறந்துபோய், இன்று காலைதான் நினைவு வந்தது. மாலை நாலு மணி பஸ்ஸில் அவர் வந்துவிடுவார்.

"இறுகிடுச்சு" என்றான் நைஜல். "அஞ்சு நாள் சும்மா நின்னிருக்குல்ல."

"நீகூடத்தான் ஞாயித்துக்கிழமை பூரா சும்மா கிடக்கறே" என்றாள் அவன் மனைவி ஹேசல், ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி. "இறுகியா போயிட்டே?"

இயந்திர எண்ணெய் வீட்டில் இல்லை. சாலட்டுக்கு ஊற்றும் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினான். எஞ்சின் மெல்ல நகர்ந்தது.

"பாத்தியா, ஓடுது."

"ஓடல. வழுக்குது."

சாய்ந்த மேசையில் வழுக்கி வந்த எஞ்சின், தண்டவாளத்தைத் தாண்டி வெண்ணெய்க் கிண்ணத்துக்குள் தலைகுப்புற விழுந்தது.

வெண்ணெயைத் துடைக்கச் சக்கரங்களைக் கழற்றினான். திரும்ப மாட்டியபோது, முன்சக்கரம் போகலாம் என்றால் பின்சக்கரம் இரு என்றது. விரலால் தள்ளினாலும் சுற்றவில்லை.

"மோட்டாரைப் பாத்துடறேன்" என்று மேல்மூடியைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கூடத்துக்கு ஓடினான்.

"எஞ்சின் எப்படி இருக்கு?" க்ளிஃபர்ட்தான்.

"பிரமாதமா ஓடிட்டிருக்குங்க."

"சத்தத்தையே காணோமே."

நைஜல் ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, "சுக்கு சுக்கு சுக்கு" என்றான்.

"அது கரண்ட்ல ஓடுறது, நைஜல். சுக்கு சுக்குன்னெல்லாம் சொல்லாது. நாலு மணிக்கு வந்து நானே பாத்துக்கறேன்."

திரும்பி வந்தபோது, திறந்த எஞ்சினுக்குள் ஓர் ஈயக்கட்டி மட்டுமே இருந்தது. மோட்டார் இல்லை. மேசைக்கடியில் நாய் டம்ப்ளிங் கண்ணை மூடி, வாயைச் சுற்றி நக்கிக்கொண்டிருந்தது.

"ஹேசல், உன் நாய் மோட்டாரை முழுங்கிடுச்சு."

"இவ்வளவு நேரம் நம்ம நாயா இருந்துச்சு."

கால்நடை மருத்துவரிடம் காரை விரட்டினார்கள். மோட்டார் எவ்வளவு பெரிது என்று காட்ட, எஞ்சினை மடியில் வைத்திருந்தான் நைஜல். டம்ப்ளிங்கை எக்ஸ்ரே எடுத்தார்கள், மருந்து கொடுத்து வாந்தியெடுக்க வைத்தார்கள். மணி மூன்றே முக்காலுக்கு மருத்துவர் ஒரு தட்டோடு வெளியே வந்தார்.

"மோட்டார் எதுவும் இல்ல. ரெண்டு பொத்தான், நிறைய வெண்ணெய், அப்புறம் இந்த முத்துக் கம்மல்."

"என்னுதுதான்" என்றாள் ஹேசல். "இதுக்காக மூணு மாசமா உன் அக்காகூடப் பேசாம இருக்கேன்."

நைஜலுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பதினைந்து நிமிடத்தில் மாமனார். சீட்டு எழுதும் மேசையில் இருந்த மேவிஸ் அம்மாள், அவன் மடியிலிருந்த எஞ்சினை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இதுக்குப் பின்னாடி மாட்டுற நிலக்கரி வண்டி எங்கப்பா?"

"அது பெட்டியிலயே இருக்குங்க. சும்மா ஓட்டிப் பாக்கத்தானே, அது எதுக்குன்னு எடுக்கல."

"எங்க வீட்டுக்காரர்கிட்டயும் இதே எஞ்சின்தான்" என்றாள் மேவிஸ். "இதுல மோட்டாரே கிடையாது, தம்பி. மோட்டார் அந்த நிலக்கரி வண்டிக்குள்ள இருக்கு. அதுதான் பின்னாடி இருந்து இதைத் தள்ளிக்கிட்டுப் போகும்."