எந்த மச்சான்?

எனக்குக் கோபம் வந்தால் அலுமாரியை அடுக்குவேன். சேலைகளை நிறவாரியாக, தலையணை உறைகளை அளவுவாரியாக. எனக்கு விசா மறுக்கப்பட்ட வருடம், செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு அலுமாரியைப்போல ஒழுங்கான அலுமாரி வேறெங்கும் இருந்திருக்காது.

அப்போது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. நான் கட்டவிருந்த சிவா மாங்கேணியில் பிறந்து, சண்டைக் காலத்தில் வெளியேறி, ஒரு குளிர் நாட்டின் குடிமகனாகியிருந்தார். (நாட்டின் பெயரை எழுதமாட்டேன். அந்த மரியாதையைக் கொடுக்க எனக்கு இன்னும் மனமில்லை.) என் அக்கா சாந்தியின் கணவர் தவம் அவருடைய பள்ளித் தோழர். சிவா விடுமுறையில் வந்தபோது அக்காதான் கலியாணப் பேச்சைத் தொடக்கினார். அவர் திரும்பிப் போன பிறகு எங்கள் குடித்தனம் முழுக்கக் கைபேசியில் நடந்தது.

சேர்ந்து வாழ மூன்று வழிகள் இருந்தன. சுற்றுலா விசாவில் போவதென்றால் நான் கட்டாயம் திரும்பி வருவேன் என்று நிரூபிக்கவேண்டும். கட்டப்போகிறவள் என்ற விசாவென்றால் திரும்பி வரவேமாட்டேன் என்று நம்பவைக்கவேண்டும். இங்கே எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடித்து மனைவியாக விண்ணப்பிப்பதென்றால் அவருக்கு லீவு கிடைக்கவேண்டும். அது கிடைக்கிற மாதிரி இல்லை.

அம்மாவுக்கு மூன்றுமே பிடிக்கவில்லை. “நம்மட பக்கத்துல ஆம்பிளைதானே பொம்பிளைட வீட்ட வாற. நீ என்னத்துக்குகா அங்க போற?”

நான் கேட்கவில்லை. கட்டப்போகிறவளாக விண்ணப்பித்தேன்.

உறவு உண்மையானது என்பதற்கு எங்கள் குறுஞ்செய்திகளைக் கேட்டார்கள். தேர்ந்தெடுத்து அச்சடித்து, திகதிவாரியாக அடுக்கி, பட்டணத்தில் ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். வந்த மொழிபெயர்ப்பை வரிவரியாகச் சரிபார்த்தேன். காற்புள்ளிகளைத் திருத்தினேன். பக்க எண்களை ஒரே உயரத்தில் போடவைத்தேன். (நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பதைக் கவனிக்கவும்.)

எங்கள் பக்கத்தில் அக்காவின் புருஷனும் மச்சான், கட்டப்போகிறவரும் மச்சான். இதனால் எந்த வீட்டிலும் குழப்பம் வந்ததில்லை. மொழிபெயர்த்தவரோ மச்சான் என்ற இடமெல்லாம் அக்காவின் கணவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போட்டிருந்தார். என் கண்ணுக்கு அது பிழையாகவே தெரியவில்லை. மச்சான் என்றால் அதுதானே! ஆக, நான் கையெழுத்திட்டு அனுப்பியது இதைத்தான்: “அக்காவின் கணவரே, உங்கள் குரல் கேட்காமல் எனக்கு நித்திரை வராது.”

கொழும்பில் நேர்முகம். ஒரு வெள்ளைக்கார அம்மணி. பக்கத்தில் தமிழ் பேசும் உரைபெயர்ப்பாளர். எங்கள் பக்கத்து ஆள் இல்லை.

“அவரை எப்படி அழைப்பீர்கள்?”

“மச்சான் எண்டுதான்.”

“அக்காவின் கணவரை?”

“அவரும் மச்சான்தான்.”

அம்மணி நிச்சயதார்த்தப் படத்தை நீட்டினார். பேசி முடித்தவளின் புருஷன் என்ற உரிமையில் தவம் மச்சான் எனக்கும் சிவாவுக்கும் நட்டநடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“இதில் மச்சான் யார்?”

“ரெண்டு பேரும்.”

அம்மணி பேனையை வைத்துவிட்டார். உரைபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “நீங்கள் மச்சானைத் திருமணம் செய்யப்போவது அக்காவுக்குத் தெரியுமா?”

“ஓம், அவதானே பேசி முடிச்சவ!”

“மச்சான் சம்மதித்தாரா?”

“எந்த மச்சான்?”

அந்தக் கேள்வியோடு என் விசா முடிந்தது.

மறுப்புக் கடிதத்தில், எங்கள் உறவு உண்மையானதென்று நம்ப முடியவில்லை என்றிருந்தது. அக்கா அதை வாங்கி வாசித்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார். “இஞ்சேருங்க, உங்களுக்கும் இவளுக்கும் ஒண்டுமில்லையாம். அரசாங்கமே சொல்லிப்போட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். தொலைபேசியில் சிவாகூடச் சிரித்தார். எனக்குப் பற்றியெரிந்தது. ஒருத்தி தன் அன்பைத் தாளில் நிரூபிக்கவேண்டும் என்பதே அவமானம். நான் ஒரு மனிதருக்குத் தனியாக எழுதியதை முன்பின் தெரியாதவர்கள் மேசையில் பரப்பி வாசித்தார்கள். வாசித்தும் விளங்கவில்லை. விளங்காததற்குத் தண்டனை எனக்கு! மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். மறுபடியும் ஒரு மேசையில் என் செய்திகளைப் பரப்பமாட்டேன் என்றேன்.

“அப்ப நான் வாறன்,” என்றார் சிவா.

உடனே வரமுடியவில்லை. வேலையை விட்டு, வீட்டைக் கொடுத்து வர இன்னும் இரண்டு மழைக்காலம் போயிற்று. அந்த இரண்டு மழைக்காலத்துக்கு யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை. அம்மா மட்டும், “நான் சொன்னன்தானே, ஆம்பிளைதான் வாற,” என்று வெற்றிலையை மடித்தார்.

கூத்து அதோடு முடியவில்லை. சிவாவிடம் இருப்பது வெளிநாட்டுக் கடவுச்சீட்டு. பிறந்த மண்ணில் இருக்க அவர் வருடாவருடம் விசா புதுப்பிக்கவேண்டும். தவம் மச்சான்தான் எங்களை ஏற்றிக்கொண்டு வான் ஓட்டி வருவார். அந்த விசாக் கந்தோருக்குள் நான் புருஷனை “மிஸ்டர் சிவா” என்றுதான் அழைப்பேன்.

இப்போதும் விசேஷ நாட்களில் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் சாப்பாடு. நான் குசினியிலிருந்து, “மச்சான், சாப்பிட வாங்க,” என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் எழும்புவார்கள். உடனே அக்கா வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். “இரிங்க, இரிங்க! எந்த மச்சானெண்டு இங்கிலீசில எழுதிக் குடுத்திட்டு உள்ளுக்கு வாங்க!”

வீடே சிரிக்கும். நான் கறிச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு அலுமாரியைத் திறக்கப் போய்விடுவேன்.