கையெழுத்து சாரும் மேஜரின் சனிக்கிழமை வியாதியும்

தாம்பரத்தில் அந்தக் காலத்தில் ஒரே ஒரு மனிதர் இருநூறு பேரைக் குடியிலிருந்து மீட்டார். எல்லாம் நோட்டுப் புத்தகத்தில்தான். நோட்டுக்கு வெளியே அந்த இருநூறு பேரும் சௌக்கியமாகக் குடித்துக்கொண்டுதான் இருந்தோம். 'இருந்தார்கள்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை உண்மையை எழுதிவிட்டது, போகட்டும்.

அவருக்கு நல்ல வேதாகமப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் தபால்காரர்கூட 'கையெழுத்து சார் வீடு' என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார். எழும்பூரில் ஓர் ஆபீஸில் ஹெட் கிளார்க். வெள்ளை டிரில் கோட்டு, கக்கத்தில் நீள நோட்டு, பாக்கெட்டில் எப்போதும் மை நிரம்பிய இரண்டு பேனா. ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு. மின்சார ரயிலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் தீர்ந்தது கதை. குரோம்பேட்டையில் குசலம் விசாரிப்பார், பல்லாவரத்தில் மதுவின் தீமைகளைத் தொடங்குவார், மீனம்பாக்கம் வருவதற்குள் 'இனி குடிப்பதில்லை' என்ற வரிக்குக் கீழே உங்கள் கையெழுத்து விழுந்திருக்கும். குடிக்கிறவன், குடிக்காதவன் என்ற பேதமே அவரிடம் கிடையாது.

மதுவிலக்கு அமலில் இருந்த அறுபதுகள் அவை. சட்டமே தடுத்திருக்கும்போது இவர் எதற்குத் தனியாகக் கையெழுத்து வாங்குகிறார் என்று ஒருமுறை கேட்டேன். "சட்டத்துக்கு அடங்கறது போலீஸுக்குப் பயந்து, தம்பி. கையெழுத்துக்கு அடங்கறது உங்களுக்கே பயந்து" என்றார். நான் அவர் வீட்டின் பின்போர்ஷனுக்குக் குடிவந்தபோது, சாவியை நீட்டுவதற்கு முன்னால் நோட்டைத்தான் நீட்டினார். வீடு கிடைக்காமல் நாலு மாதம் அலைந்தவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான். போட்டேன்.

பால்காரர் தண்ணீர் கலப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தார். சலவைக்காரர் பொத்தானை உடைப்பதில்லை என்று போட்டிருந்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நாய்க்குட்டி விற்றவன்கூடத் தப்பவில்லை. "அசல் அல்சேஷன், ஆறு மாசத்தில் காது நிமிரும்" என்று எழுதிக் கைநாட்டு வாங்கியிருந்தார் சார். அதுதான் மேஜர். ஐந்து வருஷமாகியும் காது நிமிரவில்லை. சார் மட்டும் தினமும் காலையில் காதைத் தூக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் நாளாகும்போல" என்பார்.

மனைவி காலமாகிப் பல வருஷம். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் மேஜரும்தான். சாப்பிடுமுன் அவர் கண்ணை மூடி ஜெபம் செய்வார். அவர் 'ஆமென்' சொல்கிறவரை மேஜர் தட்டில் வாய் வைக்காது. எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் கொடுத்த வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றிய ஜீவன் அது ஒன்றுதான், அதுவும் கையெழுத்துப் போடாமலேயே.

அப்படிப்பட்ட மேஜருக்கு ஒரு சனிக்கிழமை வியாதி வந்தது.

சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். மத்தியானம் மூன்று மணிக்கு, கோயில் ஹாலில் மதுவிலக்குச் சங்கக் கூட்டம். சங்கத்தின் தலைவர், செயலாளர், கூட்டத்துக்கு வருகிறவர் எல்லாம் சார்தான். போகும்போது மேஜரின் சங்கிலியை அவிழ்த்துவிடுவார். "அதுக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு வேணாமா?" என்பது அவர் நியாயம். அன்று ஐந்து மணிக்குத் திரும்பி வந்தபோது, மேஜர் கேட்டுக்குள்ளே பக்கவாட்டில் நடந்து வந்துகொண்டிருந்தது. குரோட்டன்ஸ் தொட்டியைப் பார்த்து வாலை ஆட்டியது. முதல் படியில் ஏற மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் படி இல்லாத இடத்தில் காலை வைத்தது. பிறகு ஆகாயத்தைப் பார்த்து ராகம்போல ஏதோ இழுத்துவிட்டு, நாக்கு வெளியே தொங்க அப்படியே தூங்கிப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கண் சிவந்து, தலையைக் கால்களுக்கு நடுவே புதைத்துக்கொண்டு கிடந்தது. கோயில் மணி அடித்தால் உடம்பு நடுங்கிற்று. திங்கட்கிழமை காலையில் மாட்டு டாக்டரிடம் போனால், அது அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. "சார், இது என்னைவிட ஆரோக்கியமா இருக்கே" என்றார் டாக்டர்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் அதே கதை. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

டாக்டர் கடைசியில், சார் மனசு நோகக் கூடாதென்று, ஒரு பொடியைக் கொடுத்தார். தான் தின்று பார்க்காத மருந்தை நாய்க்குக் கொடுக்க சாருக்கு மனம் வரவில்லை. முதல் பொட்டலத்தைத் தானே விழுங்கினார். அதற்கப்புறம் மூன்று நாள் ஆபீஸுக்கு லீவு. மேஜர் அவர் கட்டிலுக்கு அடியிலேயே உட்கார்ந்து காவல் காத்தது. வாரா வாரம் நோட்டில் குறிப்பு வேறு: 'தள்ளாட்டம், ஐந்து மணி. பாட்டு, ஐந்து பத்து. உறக்கம், ஐந்து கால்.' மேஜருக்குக் குணமாகும்வரை காபி தொடுவதில்லை என்று தனக்குத் தானே ஒரு கையெழுத்தும் போட்டுக்கொண்டார். காலையில் மூன்று டம்ளர் காபி குடித்த மனிதர்! தலைவலியில் நெற்றிக்கு ஈரத்துணி கட்டிக்கொண்டு ஆபீஸ் போனார், ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அந்த நோட்டிலேயே நான் அறிந்து நிறைவேறிய ஒரே கையெழுத்து அதுதான்.

ஒரு சனிக்கிழமை மாலை என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மேஜர் வாயில ஒரு வாடை வருது. எனக்கு இன்னதுன்னு பிடிபடலை. கொஞ்சம் மோந்து பாருங்க."

குனிந்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அசல் பட்டைச் சாராயம்!

ஏரிக்கரைக்கு அப்பால் கருவேலம் புதரில் வெல்லமும் வேலம்பட்டையும் பழமும் போட்டுப் பானைகளைப் புதைத்து வைத்திருப்பார்கள். சனிக்கிழமை மத்தியானம் காய்ச்சி வடித்துவிட்டுச் சக்கையைக் கொட்டுவார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அதைத்தான் சாரும் கேட்பார், அதுதான் என் பிரச்சினையே. பிறந்ததிலிருந்து அந்த வாடையையே அறியாத ஒரே மனிதர் அவர். தெரியுமென்று சொல்கிறவன் எப்படித் தெரிந்துகொண்டான் என்றும் சொல்லியாக வேண்டும்.

"கல்லீரல் மாதிரி தெரியுது சார்" என்றேன்.

"அப்படியா? எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

சைக்கிள் ரிக்‌ஷா கோவிந்தனைக் கூப்பிட்டார். நோட்டில் முதல் பக்கத்து முதல் ஆள் அவன்தான். குனிந்து மோந்தவன், ஒரு கணம் கண்ணை மூடி ஆனந்தமாக இன்னொரு தடவை மோந்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"வயித்துல வாயப்பயம் அயுகிப்போனா வருமே சார், அந்த வாசன. வேற ஒண்ணியும் இல்ல."

எதிர்வீட்டு செல்லதுரை, "பல்லுல சீழ் பிடிச்சிருக்கு சார்" என்று அடித்துச் சொன்னார். அவரும் கையெழுத்துப் போட்டவர்தான். அவருக்கு சாரிடம் பயமில்லை. மனைவி ரோஸி டீச்சரிடம்தான் பயம். மூன்று வியாதிகளுக்கும் மூன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாவம், சார் மறுநாளிலிருந்து மேஜருக்குக் கல்லீரலுக்குக் கீழாநெல்லியும், பல்லுக்குக் கிராம்பும், வயிற்றுக்கு விளக்கெண்ணெயுமாகக் கொடுக்க ஆரம்பித்தார். அந்த விளக்கெண்ணெய்ப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. இரண்டு தடவை உண்மையைச் சொல்ல அவர் கதவு வரை போனேன். இரண்டு தடவையும் தீப்பெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நாலு மாதம் இப்படியே ஓடிற்று. பிறகு ஒரு சனிக்கிழமை மேஜர் தள்ளாடித் தள்ளாடி, ரோஸி டீச்சர் வீட்டுக்குள் நுழைந்து, விளையாடிக்கொண்டிருந்த அவருடைய சின்ன மகள்மேல் பொத்தென்று விழுந்தது. கடிக்கவில்லை. ஆனால் வாயில் நுரை, கண்ணில் சிவப்பு. "வெறி நாய்!" என்று தெருவே அலறிற்று. வெறி நாயை என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சைக்கிளில் ஒருவர் பஞ்சாயத்துக்குப் பறந்தார். அரைமணியில் சுருக்குக் கம்பியோடு நாய் பிடிக்கிற ஆள் வந்து நின்றுவிட்டார்.

"சார், எனக்கும் மேஜர்னா பிரியம்தான்" என்று ரோஸி டீச்சர் அழுதார். "ஆனா எனக்குப் பிள்ளைங்க இருக்கு சார்."

"நீங்க சொல்றது நியாயம்மா. குழந்தைக்கு ஆபத்துன்னா நான் தடுக்க மாட்டேன்" என்ற சார், நாய் பிடிக்கிறவரிடம், "அஞ்சு நிமிஷம் குடுப்பா. முகத்தைத் துடைச்சு அனுப்பறேன்" என்றார்.

கோட்டோடு மண்ணில் உட்கார்ந்தார். மேஜரின் தலையை மடியில் வைத்து, தோள் துண்டை நனைத்து நுரையைத் துடைத்தார். வழக்கம்போலக் காதைத் தூக்கிப் பார்த்தார். காது மடங்கி விழுந்தது. "இப்பவும் நிமிரலையேடா" என்றார்.

அதற்குமேல் கோவிந்தனால் தாங்க முடியவில்லை.

"சார், வுடு சார் அத்த! அத்துக்கு வெறியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போட்டுகினு வந்துகீது சார்!"

"எதைப் போட்டுக்கிட்டு?"

"சாராயம் சார்! ஏரிக்கரையாண்ட காச்சிட்டு சக்கைய கொட்றானுங்கோ. அத்தத் துன்னுட்டு வந்துதான் இந்த ஆட்டம் ஆடுது."

"உனக்கு எப்படித் தெரியும், கோவிந்தா?"

கோவிந்தன் தரையைப் பார்த்தான். "வாசன சார். மொத நாள்லேருந்து தெரியும் சார்."

நாய் பிடிக்கிறவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு ஆளு பேச்ச நம்பி வுட முடியாதுபா. நாளைக்கு அது கொயந்தையக் கடிச்சா யாரு பதில் சொல்றது?"

சார் என்னைப் பார்த்தார். குடியிருக்கும் அறை, ஆபீஸ் வேலை, போலீஸ், ஊரில் அப்பா எல்லாம் மனசுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தன. "எனக்கும் தெரியும் சார். சாராயம்தான்" என்றேன். எதிர்வீட்டு வாசலிலிருந்து மெல்லிய குரல் ஒன்று, "பட்டைதான் சார், நானும் சொல்றேன்" என்றது. செல்லதுரை! ரோஸி டீச்சர் நாயை மறந்துவிட்டுக் கணவரின் பக்கம் திரும்பினார். கூட்டத்தில் இன்னும் நாலைந்து கைகள் தயங்கித் தயங்கி உயர்ந்தன. அத்தனையும் நோட்டில் கையெழுத்துப் போட்ட கைகள்.

நாய் பிடிக்கிறவர் தானே குனிந்து மோந்து பார்த்தார். "அட, ஆமா! ஏரிக்கர சரக்குதான். இந்த வாட்டி பட்ட கொஞ்சம் தூக்கலா..." என்றவர், சாரின் கக்கத்து நோட்டைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் அவரும் போட்டிருந்தார்.

நாலு மாதம் விளக்கெண்ணெய் ஊற்றவிட்டு வேடிக்கை பார்த்த எங்களைச் சார் நெருப்பாகப் பொசுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தோம். அவரோ மேஜரின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார்.

"குடிச்சிருக்கியாடா? அவ்வளவுதானா? வெறும் குடிதானா? ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! குடிதான்!"

கண்ணில் தாரை தாரையாகக் கண்ணீர். குடிக்குத் தாம்பரத்தில் அவரைவிடப் பெரிய எதிரி கிடையாது. குடியென்று கேள்விப்பட்டு அப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரையும் நான் பார்த்ததில்லை.

பிறகு நோட்டைத் திறந்தார். 'மேஜருக்கு வந்திருப்பது வெறி அல்ல, சாராயம்' என்று எழுதினார். வரிசையாக வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். மையை ஊதிக் காயவைத்துக்கொண்டே, "இந்த நோட்டுல இன்னிக்குப் போட்டதுதான் நிஜமான கையெழுத்து" என்றார். நாய் பிடிக்கிறவர் போனதும், நாலு மாதத்துக்கப்புறம் முதல் காபியைக் கலந்து, எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்.

அதன்பின் சனிக்கிழமை தோறும் மேஜரும் சங்கிலியோடு சங்கக் கூட்டத்துக்குப் போயிற்று. வருகிறவர்களின் எண்ணிக்கை இரண்டானது. முதல் சில வாரம், மூன்று மணியானால் ஏரிப் பக்கம் மூக்கை நீட்டி முனகுமாம். எட்டு வாரத்தில் அடங்கிவிட்டது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி அந்த வீட்டைக் காலி செய்த அன்று, "என் பேரை அடிச்சிடுங்க சார், எனக்கே வெட்கமா இருக்கு" என்றேன். நோட்டைப் புரட்டிக் காட்டினார். ஒருத்தர் பேரையும் அவர் அடிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் மேஜரின் காலை மையில் தோய்த்து வைத்த தடம் ஒன்று இருந்தது. அதன் கீழே என் பேரை மறுபடி ஒருமுறை எழுதி வைத்திருந்தார்.

"மேஜருக்கே எட்டு வாரம் ஆச்சு தம்பி. உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா ஆகும். நான் இருக்கேன்" என்றார்.

சார், இப்போது எங்கே இருக்கிறீர்களோ தெரியாது. வாரப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறவர் நீங்கள். எட்டு வாரம் எனக்குப் பதினோரு வருஷமாகிவிட்டது. ஆனால் நிறுத்திவிட்டேன். இந்தப் பக்கத்தின் அடியில் என் பெயரைப் போடுவார்கள். அதையே கையெழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள், சார்.