ஐந்தாவது பள்ளிக்கு முதல் ரேங்க்

தரக்காரர் ஒரு பெரிய பொறுப்பைத் தாமாகவே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வட்டாரத்தில் உள்ள அரசு பாலர் பள்ளிகளை எல்லாம் நேரில் பார்த்து, ஒப்பிட்டு, மார்க் போட்டு, மகளை எதில் சேர்ப்பது என்று தீர்ப்புச் சொல்லப் போகிறாராம்.

விதைக் கிடங்கில் பதினெட்டு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. மூட்டையில் ஊசியைக் குத்தி மாதிரி எடுப்பார். முதல் தரம், இரண்டாம் தரம் என்று சீட்டு ஒட்டுவார். குத்திப் பார்க்காத மூட்டைக்கு அவர் சீட்டு ஒட்டியதே கிடையாது. இதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது வீட்டில் சொல்லிவிடுவார். மனைவிக்கு மனப்பாடம்.

மனைவி தபால்காரி. ஸ்கூட்டரில் தினமும் வட்டாரம் முழுக்கச் சுற்றுகிறவள்.

"எல்லா ஸ்கூல் வாசலும் எனக்குத் தெரியுங்க. நானே பாத்துச் சொல்லிடுறேனே."

"வாசல் தெரியும். உள்ள தெரியுமா? தரம் பாக்கறதுக்குன்னு ஒரு கண்ணு வேணும்மா."

"சரி, அந்தக் கண்ணே போய்ப் பாக்கட்டும்."

ஐந்து பள்ளிகளுக்கும் வழி எழுதிக் கொடுத்தாள். "அஞ்சாவது மட்டும் பாலத்தைத் தாண்டி இருக்கு. விட்டுடாதீங்க."

விஷயம் விளையாட்டில்லை. நாலு வயது மகள் வெளியாட்களிடம் வாயே திறக்க மாட்டாள். சொல்ல வேண்டியதைத் துணி முயலின் காதில் சொல்லுவாள். முரட்டு இடத்தில் கொண்டுபோய் விட்டால் முயலிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவாளோ என்று அப்பாவுக்கு உள்ளூர உதறல்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, முதல் பள்ளிக்குள் ராஜநடை போட்டுத்தான் நுழைந்தார். "ஒரு நிமிஷம் பிடிங்க சார்" என்று டீச்சர் ஒரு குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டுப் போனார். அந்த நிமிஷம் முக்கால் மணி நேரம் ஓடியது. அதற்குள் ஒன்பது குழந்தைகள் அவர்மேல் ஏறி இறங்கின. ஒன்று அவர் கண்ணாடியைக் கழற்றி நக்கிப் பார்த்தது. ஒன்று சட்டைப் பையில் மண்ணை நிரப்பியது. தரம் பார்க்க வந்தவரைத் தரம் பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியே வந்தவர், நேரே வாய்க்கால் கரை மரத்தடியில் போய் உட்கார்ந்தார். எல்லாம் ஒரே அரசாங்கம், ஒரே சுவர், ஒரே மண்ணு என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். மீதி நாலுக்கும் அங்கேயே மார்க் போட்டார். ஐந்தாவதுக்கு வரும்போது கை நன்றாகப் பழகிவிட்டது. முதல் ரேங்க் அதற்குத்தான்.

"அஞ்சாவது அவ்ளோ நல்லாவா இருக்கு?" என்றாள் மனைவி சாயங்காலம்.

"அமைதின்னா அமைதி! ஒரு குழந்தை அழுற சத்தம் இல்ல."

"அட! டீச்சர்?"

"தங்கம். அதட்டவே தெரியாது."

"இடம்?"

"விசாலம்."

"தண்ணி வசதி?"

"அது தாராளமா இருக்கு."

மனைவிக்கு ஏனோ பொல்லாத இருமல் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மகள் வந்து மடியில் ஏறினாள்.

"அப்பா, அங்க முயலையும் உள்ள விடுவாங்களா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "விடுவாங்கடா கண்ணு" என்று வந்துவிட்டது. அவள் உடனே முயலின் காதில் அந்த நல்ல செய்தியைச் சொன்னாள். தரக்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குத்திப் பார்க்காமல் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார், அதுவும் பெற்ற மகள் விஷயத்தில்.

"நாளைக்குத்தான் புதுப் பிள்ளைங்களைச் சேக்கறாங்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பாத்த நீங்களே கொண்டுபோய் விட்டுடுங்க."

காலையில் மகளை சைக்கிளில் வைத்துப் பாலத்தைத் தாண்டினார். 'பாலர் பள்ளி' என்று சாயம் போன பலகை இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். கேட் திறந்தது. உள்ளே இருந்து இருநூறு வாத்துகள் வரிசையாக வெளியே வந்தன. அவற்றின் பின்னால் குச்சியோடு ஒரு வாத்துக்காரர்.

"ஸ்கூலா? மூடி மூணு வருஷமாச்சே சார். ஆமா, நீங்கதான் தரக்காரரா? உங்களுக்கு லெட்டர் வந்திருக்கு. தபால்காரம்மா விடியக்காலையிலயே குடுத்துட்டுப் போனாங்க."

உறையின்மேல் மனைவியின் கையெழுத்து: 'தரக்காரர், முதல் ரேங்க் பள்ளி, பாலத்துக்கு அப்பால்.' உள்ளே மூன்றாவது பள்ளியின் சேர்க்கைச் சீட்டு. தேதி போன மாதத்துத் தேதி. கீழே நாலு வரி. 'நாலு நாள் உள்ளேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன். முயலுக்கும் இடம் உண்டு. ஒன்பதரைக்கு மணி அடிப்பார்கள். வேகமாக மிதியுங்கள்.'

தரக்காரருக்குக் காது மடல் வரை சுட்டது. மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வாத்துகளைப் பார்த்தபடி நின்றார்.

வாத்துக்காரர் குனிந்து, "பாப்பா, இது உங்கப்பாவா?" என்று கேட்டார்.

அவள் வெளியாளிடம் பேச மாட்டாள் என்று சொல்ல இவர் வாயெடுப்பதற்குள், மகள் முயலை இறக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு வெளியாளிடம் வாயைத் திறந்து, கணீரென்று சொன்னாள்.

"ஆமா. அப்பா இங்க வரவே இல்ல. சும்மா மார்க் போட்டுட்டாரு."